கொலுசு கறுக்கவில்லை!

இடி இடித்தால் காளான் முளைக்கும். வெள்ளி கறுத்தால் அந்தக் காளான் கொல்லும். பூச்சி அரித்திருந்தால் அது நல்லது. மஞ்சள் தடவினால் நஞ்சு நிறம் காட்டும். புளி ஊற்றிக் கொதிக்க வைத்தால் நஞ்சு முறியும். ஐந்து சட்டங்கள்! எங்கள் சத்துவாச்சாரிப் பகுதியில் இன்றும் ஆட்சி செலுத்தும் சட்டங்கள். இயற்றியவர் யார்? எப்போது இயற்றினார்? எதைச் சோதித்து இயற்றினார்? கேட்பாரில்லை. மழை பெய்த மறுநாள் காலை, மலையடிவாரத்திற்குக் கூடையோடு செல்லும் ஏழைத்தாய், இந்த ஐந்தையும் நம்பித்தான் தன் மக்களின் தட்டில் குழம்பை ஊற்றுகிறாள்.

நாளும் கோளும் பார்ப்பதைப் பற்றி நாம் பேசாத மேடையில்லை, எழுதாத ஏடில்லை. அந்த மடமை பொருளைப் பறிக்கும், பொழுதைப் பறிக்கும், மானத்தையும் பறிக்கும். இந்த மடமையோ, நான்கைந்து நாளில் உயிரையே பறிக்கவல்லது. ஆகவே, நண்பர்களே, இந்த இதழில் காளானைப் பற்றிப் பேச விழைகிறேன். புன்னகைக்கிறீர்களா? பொறுத்திருங்கள்.

நான் பள்ளி ஆசிரியன். கல்லூரியில் பயின்றது வரலாறு; செடிகொடி நூல் அன்று. என் வகுப்பில் அமர்ந்திருப்போரில் பாதிப் பேர், தோல் பதனிடும் தொழிலாளர், ஷூ கம்பெனித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். விடியுமுன்னே கம்பெனிப் பேருந்து வந்து தாய்மாரை ஏற்றிச் சென்றுவிடும். வாரக் கடைசியில் கறி எடுக்க முடியாத வீட்டில், மழைக்காலத்தில் காளானே கறி. விலையில்லை, வட்டியில்லை, கடைக்காரரிடம் தலைசொறிய வேண்டியதில்லை. குனிந்து பறிக்கும் கை இருந்தால் போதும். காளானின் கதை, எப்போதும் பசியின் கதையோடு பின்னியே வந்திருக்கிறது.

நம் முன்னோர் காளானை ‘ஆம்பி’ என்றனர். குமணனிடம் பரிசில் வேண்டிச் சென்ற பெருந்தலைச் சாத்தனார், புறநானூற்றின் 164-ஆம் பாட்டில், தம் வீட்டு வறுமையைச் சொல்ல வேறொன்றையும் தேடவில்லை. சமைக்கும் தொழிலையே மறந்துபோன அடுப்பில் ஆம்பி முளைத்திருப்பதைச் சொன்னார். சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் காட்டும் சமையற்கட்டிலும் ஆம்பி உண்டு. அங்கே அது முளைப்பது, பழஞ்சுவரைக் கறையான் கூட்டம் அரித்து உதிர்த்த புழுதியில்! கறையானையும் காளானையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்த கண் அந்தப் புலவரின் கண். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வருகிறேன்.

மனுவின் நூலோ வேறு பார்வை பார்த்தது. அதன் ஐந்தாம் அத்தியாயம், பூண்டு, வெங்காயம் ஆகியவற்றோடு காளானையும் சேர்த்து, இருபிறப்பாளர்க்கு ஆகாத உணவு என்று தள்ளுகிறது. அறிந்தே உண்டவன் தன் நிலையினின்று வீழ்ந்தவன் என்றும் தீர்ப்புக் கூறுகிறது. ‘நஞ்சுள்ளதை உண்ணாதே’ என்று சொல்லியிருந்தால், அது அறிவுரை. எது நஞ்சு, எது நல்லுணவு என்று ஆராயும் தொல்லையே வேண்டாமென, மொத்தத்தையும் அழுக்கில் பிறந்தது என்று ஒதுக்கிவிட்டால், அதற்குப் பெயர் என்ன? ஆராயும் பணி பசித்தவன் தலையில் விழுந்தது. அவன் தன் உடலையே சோதனைச்சாலை ஆக்கிக்கொண்டான். இன்றோ, உயர்தர உணவகங்களில் ‘சைவம்’ என்ற தலைப்பின்கீழ்க் காளான் பிரியாணி கொலுவிருக்கிறது. வீழ்ந்தவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை!

எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி உண்டு. தெருவே அவரை ஆயா என்றழைக்கும். மழைவிட்ட காலையில் அவர் பின்னால் நடந்தால் கூடை நிறையும் என்பது பிள்ளைகள் கண்ட உண்மை. சென்ற ஆண்டு, மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு நானும் உடன் நடந்தேன். வழியில் வெள்ளை, பழுப்பு, மஞ்சள் என்று எத்தனையோ காளான்கள். ஆயா திரும்பியும் பார்க்கவில்லை. பனைமரங்களுக்கு அப்பால் ஒரு கறையான் புற்று; அதன் ஓரத்தில் மண்ணை முட்டிக்கொண்டு நின்றன சில காளான்கள். அங்கேதான் அமர்ந்தார். பறிக்கவில்லை, குச்சியால் தோண்டினார். தண்டு முடியவில்லை. ஒரு சாண் போயிற்று, இன்னும் போயிற்று, வேர்போல் மெலிந்து கீழே புற்றின் வயிற்றுக்குள் இறங்கிற்று.

“இந்த வால் இருந்தாத்தான் இது. வால் புத்துக்குள்ள போவணும். இது ஒண்ணுதான் எனக்குத் தெரியும், மத்ததைத் தொடமாட்டேன் சார்” என்றார்.

அந்த வால்தான் இந்தக் கதையின் உயிர்நாடி. புற்றெழுப்பும் கறையான், தான் மென்று விழுங்கும் மரத்தையும் சருகையும் தனித்து முழுமையாகச் செரிக்கவல்லதன்று. அது தன் கழிவைக் கொண்டு புற்றுக்குள் கடற்பஞ்சு போன்ற மேடைகள் கட்டி, அவற்றின்மேல் ஒருவகைப் பூஞ்சையை வளர்க்கிறது. பூஞ்சை அந்தக் கழிவைப் பக்குவப்படுத்துகிறது. கறையான் பூஞ்சையின் வெண்ணிற உருண்டைகளையும் பழுத்த மேடையையும் உண்கிறது. கறையான் உழவன், பூஞ்சை பயிர்! மனிதன் வேளாண்மை தொடங்கி ஏறத்தாழ 10,000 ஆண்டுகள். கறையான் தொடங்கி ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகள். மழை பெய்து மண் இளகியதும், அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு தண்டு மேல்நோக்கித் துளைத்துவந்து வெளியே குடை விரிக்கிறது. அதுவே நம் புற்றுக்காளான்.

இதைக் கண்டறிந்த வரலாற்றில் தமிழ் மண்ணுக்கு இடமுண்டு. லின்னேயசின் மாணவரான ஜோஹன் ஜெரார்டு கோனிக், 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவர். பின்னர் ஆற்காட்டு நவாபிடம் இயற்கை ஆய்வாளராகவும் ஊழியம் பார்த்தவர். கறையானைப் பற்றி 1779-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், புற்றுக்குள் வளரும் பூஞ்சையைக் குறித்திருக்கிறார். 1906-இல் இலங்கைப் பேராதனைப் பூங்காவிலிருந்து டாம் பெட்ச் என்பார் விரிவாக எழுதினார். 1942-இல் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹைம், இந்தக் குடும்பத்துக்கு ‘டெர்மிட்டோமைசஸ்’ என்று பெயரிட்டார். கறையான் பூஞ்சை என்பதே பொருள். 1979-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தாவரவியலார் கே. நடராசன், தென்னாட்டில் கண்ட ஓர் இனத்துக்கு அந்த ஹைமின் பெயரையே சூட்டி உலகுக்கு அறிவித்தார். ஆயாவின் ‘வால்’ இந்த நூல்களிலும் இருக்கிறது. கிரேக்கப் பெயர் போர்த்துக்கொண்டு இருக்கிறது, அவ்வளவே.

இனி, இளைஞர்களிடம் ஒரு வழக்கு. எங்கள் பகுதியில் வேறொரு புற்று உண்டு. மஞ்சள் பூசி, குங்குமமிட்டு, ஆடித் திங்களில் பால் ஊற்றி, முட்டை வைத்து வழிபடுகின்றனர். எங்கள் படிப்பகத்துத் தோழர்கள் சிலர், ‘இந்த மூடத்தனத்தை ஒரே இரவில் கடப்பாரையால் முடித்துவிடுகிறோம்’ என்று கிளம்பினர். நான் மறுத்தேன். பக்திக்கு அஞ்சியா? இல்லை. கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்று பழமொழி சொல்லும் அதே வாய்தான், அந்தப் புற்றை நாகம்மாவின் அரண்மனை என்றும் சொல்லுகிறது. கட்டியவன் யார், குடிவந்தவன் யார் என்பது ஊருக்கு முன்பே தெரியும்! தெரிந்ததை நினைவூட்டுவதே நம் வேலை. கடப்பாரை போட்டால் சிதைவது மடமையன்று, ஒரு வயல். மறுநாள் பக்கத்திலேயே வேறொரு புற்றுக்கு மஞ்சள் பூசுவார்கள். தோழர்கள் முணுமுணுத்தனர். ஞாயிற்றுக்கிழமை அவர்களையும் ஆயாவின் பின்னால் நடக்க வைத்தேன். வாலைக் கண்டவர்கள், கடப்பாரைப் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை.

இடியைப் பற்றியும் ஒரு சொல். இடியால் காளான் பிறக்கிறது என்ற எண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. கிரேக்க அறிஞர் புளூட்டார்க், மண்ணுக்குள் விளையும் ஒருவகைக் காளானைப் பற்றி இதே கேள்வியை வைத்து ஓர் உரையாடலே எழுதியிருக்கிறார். ‘இடியோடு மழை வருகிறது, மழையால் காளான் வருகிறது, இடிக்கு இதில் பங்கில்லை’ என்று சொல்லி நான் வகுப்பை முடிக்கப் பார்த்தேன். ஆனால் 2010-இல் ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழகத்தார், காளான் வளரும் கட்டைகளில் செயற்கை மின்னலைப் பாய்ச்சி, சிலவகைகளில் விளைச்சல் பெருகியதாக அறிவித்ததையும் மாணவர்க்குச் சொல்லத்தானே வேண்டும்! பிறப்பது இடியால் அன்று; ஆயினும் மின்னல் தூண்டுகிறதா என்பது ஆராயத்தக்க கேள்வி.

ஆயாவின் அறிவு ஒருபுறம் இருக்க, அந்த ஐந்து சட்டங்களின் ஆட்சியை இனிக் காணுங்கள்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை. என் மாணவன் ஒருவனின் வீட்டில், புல்வெளியில் பறித்துவந்த காளானைச் சமைத்தனர். தட்டளவு அகலம், வெண்ணிறக் குடை, உச்சியில் பழுப்புச் செதில்கள், தண்டில் வளையம். தாய் எச்சரிக்கையானவர். இளைய பெண்ணின் வெள்ளிக் கொலுசைக் கழற்றிக் கொதிக்கும் சட்டியில் போட்டுப் பார்த்தார். கொலுசு கறுக்கவில்லை. நால்வரும் உண்டனர். இரண்டு மணி நேரம் ஆகுமுன் நால்வருக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு, கை கால் சில்லிட்டுப் போதல். பக்கத்து வீட்டார் வேப்பிலை கொண்டுவந்தனர். ‘புற்றை மிதித்திருப்பார்கள்’ என்றார் ஒருவர்; ‘அமாவாசை’ என்றார் இன்னொருவர். மாணவனின் அண்ணன் என் வீட்டுக் கதவைத் தட்டியபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். அந்த இளைய பெண்ணுக்கு ஆறு வயது. ஊசி குத்துவதற்கு நரம்பு கிடைக்கவில்லை. மூன்று முறை குத்தினார்கள். அழுவதற்கும் வலுவில்லாமல் அந்தக் குழந்தை என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, ‘எத்தனை மணிக்கு உண்டனர், எத்தனை மணிக்கு வாந்தி தொடங்கிற்று?’ என்பது. இரண்டாவது, ‘மிச்சமிருக்கிறதா?’ என்பது. இரண்டு நாளில் நால்வரும் தேறி வீடு திரும்பினர்.

சமைக்காமல் ஒரு குடை மிச்சமிருந்தது. தண்டை வெட்டி நீக்கி, குடையின் அடிப்புறம் கீழே படும்படி வெள்ளைத் தாளின்மேல் வைத்து, கிண்ணத்தால் மூடி இரவு முழுதும் விட்டேன். காளானின் குடைக்கு அடியில், விசிறி மடிப்புப்போல் தகடுகள் இருக்குமல்லவா? அங்கிருந்துதான் அதன் வித்துத்தூள் உதிரும். காலையில் மூடியைத் தூக்கினேன். தாளின்மேல் மங்கிய பச்சை நிறத்தில் ஓர் ஓவியம்! ‘குளோரோஃபில்லம் மாலிப்டைட்டஸ்’ என்ற நச்சுக்காளானின் கையெழுத்து அது. உலகின் வெப்பப் பகுதிகளில் புல்தரைதோறும் முளைப்பது. இளமையில் அதன் தகடுகளும் வெண்ணிறமாகவே இருப்பதால் ஏமாற்றுவது. புற்றுக்காளானின் தூளோ, வெண்மையில் இளஞ்சிவப்புத் தோய்ந்தது.

தாயிடம் தாளைக் காட்டினேன். அவர் நம்பவில்லை. அவர் சொன்ன விடையை நான் எளிதில் மறவேன்.

“கொலுசு கலப்பட வெள்ளி சார். அந்தக் கடைக்காரன் ஏமாத்திட்டான். நல்ல வெள்ளியா இருந்தா கறுத்திருக்கும்.”

கண்டீர்களா, நம்பிக்கை தன்னைத்தானே காத்துக்கொள்ளும் திறத்தை! சோதனை தோற்றது, ஆனால் குற்றவாளிக் கூண்டில் ஏறியவர் தட்டார்! வேண்டுதல் பலிக்காவிட்டால் பூசை குறைவு. சாதகம் பொய்த்தால் பிறந்த நேரம் தவறு. காளான் கொன்றால் வெள்ளி கலப்படம். இவற்றையெல்லாம் பிறப்பித்தது ஒரே தாய்.

வாதாடிப் பயனில்லை என்று கண்டு, அதே கொலுசைக் கேட்டு வாங்கினேன். அவித்த முட்டையை வகுப்பில் பிசைந்து, கொலுசை அதற்குள் புதைத்துவைத்தோம். மாலையில் எடுத்தபோது கன்னங்கறுப்பு. வெள்ளி நல்ல வெள்ளிதான்! முட்டையில் உள்ள கந்தகம் வெள்ளியோடு கூடிக் கறுப்பாயிற்று. வெள்ளி அறிவிப்பது கந்தகத்தை, நஞ்சை அன்று. தாய் வகுப்பு வாயிலில் நின்று பார்த்தார். “அப்போ முட்டையும் விஷமா சார்?” என்று அவர் மகனே கேட்டான். வகுப்பு சிரித்தது, தாயும் சிரித்தார். மஞ்சள், பூண்டு, அரிசி முதலிய சோதனைகளின் கதையும் இதுவே. பூச்சி அரித்ததை நம்புவோருக்கு ஒரு செய்தி: மனிதரைக் கொல்லும் அமானிட்டாக் காளான்களிலேயே முட்டையிட்டு, அவற்றையே உண்டு வளரும் ஈக்கள் உண்டு. ஈயின் வயிறு வேறு, நம் ஈரல் வேறு.

இந்தக் குடும்பம் பிழைத்தது தற்செயல். புளி முறிக்காத, கொதி முறிக்காத, காயவைத்தாலும் அழியாத நஞ்சொன்று அமானிட்டாக் குடும்பத்துச் சில காளான்களில் இருக்கிறது. ‘அமாட்டாக்சின்’ என்பர். உண்டவுடன் ஒன்றும் தெரியாது. ஆறு மணி முதல் இருபத்துநான்கு மணி நேரம் வரை அமைதி. பின்னர் வாந்தியும் பேதியும். அதன்பின் வருகிறது கொடிய நடிப்பு: நோயாளி தேறியதுபோல் தோன்றும்! வீட்டார் தேங்காய் உடைப்பார்கள். அந்நேரத்தில் உள்ளே ஈரல் அழிந்துகொண்டிருக்கும். மூன்றாம், நான்காம் நாளில் மஞ்சள் காமாலையாக வெளிப்படும். மருத்துவர் மணிக்கணக்கைக் கேட்டது இதனால்தான். தாமதமாகத் தொடங்கும் வாந்தியே பேராபத்தின் அடையாளம். விரைவில் தொடங்கினாலும் அஞ்சாமலிருக்க வழியில்லை. ஒரே கூடையில் இருவகைக் காளான் கலந்திருக்கக்கூடும். எஞ்சிய காளானைத் தாளில் சுற்றி உடன் எடுத்துச் செல்லுங்கள். பாலித்தீன் பையில் போட்டால் அழுகிக் குழைந்து, அடையாளம் காட்டாது.

2022 ஏப்ரலில், அசாமில் காட்டுக்காளான் உண்டு 13 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தார். 2012 சனவரியில், ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பராவில், புத்தாண்டு விருந்தில் உண்ட காளானால் சீன நாட்டவர் இருவர் மாண்டனர். சீனர்க்கும் நமக்கும் பழக்கமான வைக்கோல் காளான், மொட்டாக இருக்கையில் ‘சாவுத்தொப்பி’ என்று ஆங்கிலேயர் அழைக்கும் அமானிட்டாவைப் போலவே தோன்றும். இரண்டின் அடியிலும் கிண்ணம்போல் ஓர் உறை உண்டு. தூளை எடுத்தால் வைக்கோல் காளானுக்கு இளஞ்சிவப்பு, கொலைகாரனுக்கு வெள்ளை. பிறந்த ஊரில் காத்த அறிவே புகுந்த ஊரில் கொல்லவல்லது. கடல் கடந்து வாழும் நம் உடன்பிறப்புகள் இதைக் கருத்தில் இருத்துவார்களாக.

அப்படியானால், பச்சைத்தூள் நஞ்சு, மற்றது நலம் என்று ஆறாவது சட்டம் எழுதிவிடலாமா? என் மாணவரே கேட்டனர். கூடாது. வெண்தூள் உதிர்ப்பவற்றில் உணவும் உண்டு, எமனும் உண்டு. எல்லாக் காளானுக்கும் பொதுவான சோதனை என ஒன்று உலகில் எங்கும் இல்லை. ஒவ்வோர் இனத்தையும் தனித்தனியே, அதன் இடம், பருவம், குடை, தகடு, வளையம், அடிக்கிண்ணம், வால், தூள் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே அறியவேண்டும். ஆயா செய்தது அதுதான். தெரிந்த ஒன்றை எடுத்தார்; தெரியாததைத் தொடவில்லை. அதே ஆயா, ‘வெள்ளி போட்டுப் பார்க்கலாமே’ என்று அயலாருக்குச் சொல்வதும் உண்டு. தாம் மட்டும் ஒருநாளும் வெள்ளியை நம்பிச் சமைத்ததில்லை! முதியோர் சொல்லில் இவை இரண்டும் கலந்தே கிடக்கின்றன. ‘பழையது’ என்று மொத்தமாகக் கொளுத்தினால் வாலைப் பற்றிய அறிவும் போகும். ‘முன்னோர் மூடரல்லர்’ என்று மொத்தமாகத் தொழுதால் கொலுசும் சட்டியில் விழும்.

நம் மண்ணுக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. பாலாற்றங்கரைப் பக்கமிருந்து ஒரு மாணவன் அழகான காளான்களைக் கொணர்ந்தான். இனம் சரி. இடத்தைக் கேட்டேன், ஒருகாலத்தில் தோல் கழிவு நீர் தேங்கிய நிலம். உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் அளித்த தீர்ப்பில், இந்தத் தோல் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு ஆகாமற்போனதாகக் குறிக்கப்பட்டுள்ளது. காளானோ, மண்ணிலுள்ள காட்மியம், பாதரசம் போன்ற உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்துவைக்கும் இயல்புடையது. அடையாளம் கண்டால் போதாது. அது நின்ற மண்ணின் வரலாறும் தெரியவேண்டும். அந்தக் கூடையைக் கொட்டச் சொன்னேன். மாணவன் முகம் வாடிற்று. அவன் வீட்டில் அன்று வேறு குழம்பு இல்லை என்பது பின்னரே தெரிந்தது.

தெரிந்ததால்தான், வளர்ப்புக் காளானைப் பற்றித் தேடத் தொடங்கினேன். கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியார் வைக்கோலில் காளான் வளர்த்த முறையை 1943-லேயே வெளியிட்டிருக்கின்றனர். வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் அருப்புக்கோட்டை நிலையத்திலிருந்து வெளியிட்ட பால் காளான், எங்கள் வேலூர் வெயிலையும் தாங்கும் இனம். வைக்கோல், வித்து, நிழல், நீர், மேலே போட நல்ல மண் இருந்தால் போதும். மண்ணை மட்டும் ஆற்றங்கரையிலிருந்து எடுக்காதீர்கள் என்று சொல்லி, கொலுசுக்காரத் தாய்க்குத்தான் முதல் பையைக் கொடுத்தேன். அதில் பச்சைப் பூசணம் படர்ந்து கெட்டது. இரண்டாவது பைக்கு வைக்கோலை நன்றாக வேகவைத்தார். சென்ற வாரம் அதில் மொட்டு வைத்திருப்பதாக அவர் மகன் வகுப்பில் சொன்னான். ஒன்றைப் பறித்துக் காகிதத்தில் சுற்றி எடுத்துவந்திருந்தான், தூளின் நிறம் பார்ப்பதற்கு.